இன்னொருவர் பெயர் வெட்டிய பாத்திரம்

பாதி விலைப் பாடப்புத்தகம், அண்ணன் போட்ட சட்டை, காயலான் கடை சைக்கிள். இவற்றோடு கழிந்த பிள்ளைப் பருவம் சிலரை வாழ்நாள் சேகரிப்பாளர்களாக்கி விடுகிறது. அந்த ஆசைக்குத் தீனி போட்ட சந்தைகளோ நகரத்துக்கு நகரம் இடம் பெயர்ந்துகொண்டிருக்கின்றன.

வெள்ளிக்கிழமை. இன்னும் விடியவில்லை. மும்பை பெண்டி பஜாரை ஒட்டிய சோர் பஜார் தெருக்களில் டார்ச் விளக்குகள் தரையைத் துழாவிக்கொண்டிருக்கின்றன. விரித்த சாக்கின் மேல் ஒற்றைச் செருப்பு, டயல் போன தொலைபேசி, மூடியில்லாத கூஜா, யாருடையதோ கல்யாண ஆல்பம், நின்றுபோன கைக்கடிகாரங்கள் ஒரு குவியல். மற்ற நாட்களில் மட்டன் தெருவில் திறந்திருக்கும் பழம்பொருள் கடைகளுக்கு அன்று விடுமுறை. தெருவே கடையாகிவிடுகிறது. 'ஷோர்', அதாவது இரைச்சல் சந்தை என்றிருந்த பெயர்தான் 'சோர்', அதாவது திருட்டுச் சந்தை என்று திரிந்ததாக ஒரு கதை உண்டு. வியாபாரிகள் இரண்டு பெயரையும் மறுப்பதில்லை.

குனிந்து பொறுக்கும் கூட்டத்தில் இரண்டு வகை. பகலில் கூடுதல் விலைக்கு விற்பதற்காக வாங்குகிறவர்கள் ஒரு வகை. இவர்கள் பொருளைப் புரட்டிப் பார்த்து, மனக்கணக்குப் போட்டு, நகர்ந்துவிடுவார்கள். இன்னொரு வகையினர் அப்படி நகர்வதில்லை. ஒரு பழைய தகர டப்பாவைக் கையில் எடுத்தால் அதன் அடியில் என்ன எழுதியிருக்கிறது, மூடி அதே டப்பாவின் மூடிதானா, இதோடு சேர்ந்த இன்னொன்று எங்கே போயிருக்கும் என்று நின்றுவிடுவார்கள். விற்கும் எண்ணம் இவர்களுக்கு இல்லை. பெரிய வசதியும் இருப்பதில்லை. குமாஸ்தா, ஆசிரியர், ரயில்வே ஊழியர், ஓய்வு பெற்றவர் என்று பல ரகம். இவர்கள் பேசத் தொடங்கினால் பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முடியும்: புதிய பொருள் அபூர்வமாகவே நுழைந்த ஒரு வீடு.

அந்த வீடு பழக்கமானதுதான். 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்கு முன்னால் வளர்ந்த நடுத்தர இந்தியாவில் பெரும்பகுதி அந்த வீட்டில்தான் இருந்தது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் மேல் வகுப்புக்குப் போன பையனின் புத்தகங்கள் பாதி விலைக்கு வரும். பழுப்புக் காகித அட்டையைக் கழற்றினால் முதல் பக்கத்தில் ஒரு பெயர் அடிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே இன்னொரு பெயர். மூன்றாவது வரியில் புதிய சொந்தக்காரன் தன் பெயரை எழுதிக்கொள்வான். கணக்குப் புத்தகத்தில் விடைகள் முன்பே குறிக்கப்பட்டிருப்பது உபரி லாபம். அண்ணனின் சட்டை தம்பிக்கு, தம்பிக்கும் சிறியதானால் பாத்திரக்காரிக்கு. இரண்டு பட்டுப் புடவைக்கும் நாலு பேன்ட்டுக்கும் ஒரு எவர்சில்வர் குடம் படியுமா என்று வாசலில் ஒரு மணி நேரம் பேரம் நடக்கும்.

தமிழ்நாட்டுத் தெருக்களில் பழைய இரும்புக்கும் ஈயம், பித்தளைக்கும் பேரீச்சம்பழம் தருவதாகக் கூவிக்கொண்டு தள்ளுவண்டி வந்தது. தில்லியிலும் கான்பூரிலும் கபாடிவாலா வந்தார். மும்பையில் ரத்திவாலா தராசோடு வந்தார். மொழி மாறினாலும் ராகம் ஏறத்தாழ ஒன்றே. அந்தக் குரல் கேட்டதும் வீட்டில் இருவர் மட்டும் வாசலுக்கு ஓடுவார்கள். அம்மா, எதைப் போடலாம் என்று. பையன், அவர் சாக்கில் என்ன இருக்கிறது என்று.

பழையது என்றால் மட்டம் என்றும் அந்தக் காலத்தில் சொல்லிவிட முடியாது. 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் ஓடிய ஸ்கூட்டரைப் புதியதன் விலைக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். பொருளின் விலையை அதன் வயது தீர்மானிப்பதில்லை, அது கிடைக்கிற அருமை தீர்மானிக்கிறது என்ற பாடத்தை ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அப்பாவின் ஸ்கூட்டரிலிருந்தே கற்றார்கள். சேகரிப்பாளர்களின் உலகம் முழுவதும் நிற்பது அந்த ஒரு பாடத்தின் மேல்தான்.

பத்து வயதுப் பைத்தியம்

எல்லாக் குழந்தைகளும் எதையாவது சேர்க்கின்றன. தீப்பெட்டிப் படம், சோடா மூடி, பஸ் டிக்கெட், தபால் தலை, கோலிக்குண்டு. இதை முறையாக ஆராய்ந்தவர்களில் முன்னோடி கரோலைன் ஃப்ரியர் பர்க். கலிபோர்னியாவில் பள்ளிக் குழந்தைகளிடம் விசாரித்து அவர் எழுதிய கட்டுரை 1900இல் வெளியானது. சேகரிக்காத குழந்தையைக் காண்பதுதான் அரிது என்று அவர் கண்டார். பத்து வயதையொட்டி இந்தப் பைத்தியம் உச்சத்தைத் தொடுகிறது; பிறகு பெரும்பாலோருக்குத் தெளிந்துவிடுகிறது.

சிலருக்கு ஏன் தெளிவதில்லை? இதற்கு ஒரே விடை கிடையாது. ஆனால் 2008இல் வெளியான ஓர் ஆய்வு ஒரு துப்புக் கொடுக்கிறது. பிரிட்டனின் புரூஸ் ஹுட், அமெரிக்காவின் பால் புளூம் என்ற இரு உளவியலாளர்கள் சின்னஞ்சிறு குழந்தைகளிடம் ஒரு தந்திரப் பெட்டியைக் காட்டினார்கள். எந்தப் பொருளைப் போட்டாலும் அச்சு அசலாக இன்னொன்றைச் செய்து தரும் இயந்திரம் என்று குழந்தைகளை நம்ப வைத்தார்கள். சாதாரண விளையாட்டுச் சாமான் என்றால் குழந்தைகளுக்கு எது கிடைத்தாலும் சரிதான். ஆனால் தினமும் கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை என்றபோது நகலைத் தொட மறுத்தன. சில குழந்தைகள் அதைப் பெட்டிக்குள் போடவே சம்மதிக்கவில்லை. எலிசபெத் ராணி வைத்திருந்தது என்று சொல்லப்பட்ட பாத்திரத்துக்கும் குழந்தைகள் அதன் நகலைவிட அதிக மதிப்புக் கொடுத்தன.

அதாவது, ஒரு பொருளில் அதைத் தொட்டவர்களின் ஏதோ ஓர் அம்சம் ஒட்டியிருக்கிறது என்ற எண்ணம் மனிதனுக்கு மிகச் சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. எல்லாமே புதிதாக வந்திறங்கும் வீட்டில் இந்த எண்ணத்துக்கு வேலை குறைவு. மூன்று பெயர் எழுதிய பூகோளப் புத்தகத்தைத் திறக்கும் பையனுக்கோ தினமும் வேலை. இந்த ராமநாதன் யார், எட்டாம் பக்கத்தில் மீசை வரைந்தது இவனா, முதல் சொந்தக்காரனா? கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஆனால் கேட்கும் பழக்கம் நின்றுவிடும்.

பழைய பொருட்களோடு வளர்வது வேறு சில வித்தைகளையும் தருகிறது. பழைய சாமானுக்கு உத்தரவாத அட்டை கிடையாது. கையில் எடுத்து, கனம் பார்த்து, தட்டி, முகர்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஒரு பாகம் இல்லாவிட்டால் அது வேறெங்காவது கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். கடைக்காரருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருந்தால் முகத்தில் காட்டிக்கொள்ளக் கூடாது. கண், பொறுமை, கல்லான முகம் என்ற இந்த மூன்றும்தான் சேகரிப்பாளரின் மூலதனம். பணம் நான்காவதாகத்தான் வரும்.

டிக்கெட் துண்டிலிருந்து திரைப்பட ஆவணக் காப்பகம்வரை

இந்தப் பைத்தியம் தெளியாததால் நாடு லாபமடைந்த கதைகள் உண்டு. திருவனந்தபுரத்தில் 1933இல் பிறந்த பி.கே. நாயர் சிறு வயதில் சினிமாக் கொட்டகை மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவர். மற்றவர்கள் வெளியே வந்ததும் தூக்கி எறிகிற டிக்கெட் துண்டுகளை அவர் சேர்த்து வைத்தார். எடை பார்க்கும் இயந்திரம் துப்பும் அட்டைகளையும் சேர்த்தார். படம் எடுக்க வேண்டும் என்ற ஆசையோடு பம்பாய் போனவர், அது கைகூடாமல், படங்களைக் காப்பாற்றுகிறவராக மாறினார். 1964இல் புனேயில் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் மறு ஆண்டு சேர்ந்தார். 1991இல் ஓய்வு பெற்றபோது அதன் இயக்குநராக இருந்தார். அவர் காலத்தில் காப்பகத்துக்கு வந்து சேர்ந்த படங்கள் ஏறத்தாழ 12,000.

அவர் போராடியதும் காயலான் கடையோடுதான். ஓடி முடிந்த படச்சுருளுக்கு அன்றைய இந்தியாவில் ஒரே மதிப்பு, அதிலுள்ள வெள்ளி. சுருளைக் கழுவி வெள்ளியைப் பிரித்து விற்றார்கள். 1931இல் வெளியான இந்தியாவின் முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா'வின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அதன் சுருள்களுக்கும் வெள்ளிக்காக அதே கதி நேர்ந்ததை அப்படத்தை எடுத்த அர்தேஷிர் இரானியின் குடும்பத்தாரிடமே நாயர் கேட்டறிய வேண்டியிருந்தது. தாதா சாகேப் பால்கேயின் 1913ஆம் ஆண்டு 'ராஜா ஹரிச்சந்திரா'வில் எஞ்சிய பகுதிகளும், 1919ஆம் ஆண்டு 'காளிய மர்தன'மும் இன்று பார்க்கக் கிடைப்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2012இல் வெளிவந்த 'செல்லுலாய்ட் மேன்' என்ற ஆவணப்படம் அவரைப் பற்றியது. 2016 மார்ச்சில் அவர் காலமானார். டிக்கெட் துண்டு பொறுக்கிய பையன் கடைசிவரை மாறவில்லை. வேண்டாம் என்று மற்றவர்கள் எறிந்ததைப் பொறுக்கி, நாளும் பெயரும் குறித்து வைப்பது, அவ்வளவுதான் வேலை, அளவுதான் பெரிதாகிவிட்டது.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் 1906இல் பிறந்த ரோஜா முத்தையாவுக்குத் தொழில் விளம்பரப் பலகை எழுதுவது. சென்னையில் ஓவியம் பழகிய நாட்களில் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. பிறகு பலகை எழுதுவது குறைந்து, புத்தகம் சேர்ப்பதே தொழிலாகிப் போனது. புத்தகங்களோடு நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று எந்த நூலகமும் அன்று வாசற்படி ஏற்றாதவற்றையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது கோட்டையூர் வீட்டில் இருந்தவை சுமார் ஒரு லட்சம். சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. நல்ல வேளையாகக் கப்பல் ஏற்றவில்லை. சென்னையிலேயே வைத்து 1994இல் உருவாக்கப்பட்ட ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்தான் இன்று தமிழ் அச்சு வரலாற்றை ஆராய வருகிறவர்களின் முதல் படி.

புனேயில் மூக்குக்கண்ணாடி வியாபாரம் செய்த தினகர் கேல்கர் (1896-1990) 1920 வாக்கில் சேகரிக்கத் தொடங்கியவர். மன்னர்களின் வாளும் கிரீடமும் தேடும் காலத்தில் அவர் தேடியது பாக்குவெட்டி, குத்துவிளக்கு, குங்குமச் சிமிழ், மைக்கூடு, சீப்பு, கால் தேய்க்கும் வஜ்ரி. இவை அடுக்களையிலிருந்து நேரே உருக்கும் உலைக்குப் போகும் சாமான்கள். இதற்காக ஊர் ஊராக அலைந்தார். மனைவி கமலாபாய் உடன் நின்றார். சிறு வயதிலேயே இறந்துபோன மகன் ராஜாவின் பெயரால் அமைந்த ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகத்தை 1975இல் மகாராஷ்டிர அரசுக்கு அளித்தார். இன்று அங்கே 20,000க்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. அவற்றில் காட்சிக்கு வைத்திருப்பது ஒரு பகுதிதான்.

அகமதாபாத்தின் சுரேந்திர படேலும் இதே வழியில் வந்தவர். பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள் வீடுகளிலிருந்து வெளியேறி உருக்கப்படுவதைப் பார்த்து, அவற்றை வாங்கிச் சேர்த்து, 1981இல் 'விசார்' பாத்திர அருங்காட்சியகத்தைத் திறந்தார். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் சமையலறையைப் பிடித்த வேகத்தில் இன்னும் பத்தாண்டு தாமதித்திருந்தால், பல ரகப் பாத்திரங்களின் பெயர்கூட மிஞ்சியிருக்காது.

இவர்கள் யாரும் விலை உயர்ந்ததைத் தேடிப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் வைத்திருந்து, எல்லோரும் எறிந்துவிட்ட பொருளைத்தான் தேடினார்கள். எல்லோரிடமும் இருந்த பொருள்தான் சீக்கிரம் மறைகிறது. யாரும் அதைப் பத்திரப்படுத்துவதில்லை.

அப்பாவின் கைக்கடிகாரம்

இன்றைய சேகரிப்பாளர்களிடம் இந்தக் கதையைப் பார்க்க வேண்டுமானால் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைப் பார்க்கலாம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய அந்தப் பொதுத்துறை நிறுவனம் ஒரு தலைமுறையின் மணிக்கட்டையே பிடித்து வைத்திருந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு, வேலை கிடைத்தால் மகனுக்கு, ஓய்வு பெற்றால் அப்பாவுக்கு. மகன் கட்டியது பல நேரம் அப்பா கழற்றியதுதான். எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது. அதுவரை மேஜை இழுப்பறையில் கிடந்த ஜனதாவும் பைலட்டும் திடீரென்று தேடப்படும் பொருட்களாகிவிட்டன.

தேவை வந்தால் போலியும் வரும். பழைய இயந்திரத்தை எடுத்து, முகப்புக்குப் புதுச் சாயம் பூசி, பளிச்சென்ற நிறத்தில் எழுத்து அச்சடித்து விற்கிறார்கள். நிறுவனம் ஒருபோதும் செய்யாத நிறங்களில்கூட 'அசல்' எச்.எம்.டி. கிடைக்கிறது. புதிதாக இந்த ஆசைக்கு வந்தவர்கள் ஏமாறுகிறார்கள். அறுபது வயதுக்காரர் ஒருவர் எளிதில் ஏமாறமாட்டார். அந்தக் கடிகாரத்துக்குத் தினமும் காலையில் சாவி கொடுத்த விரல் அவருடையது. சாவி எத்தனை சுற்றில் இறுகும், எழுத்து எந்த இடத்தில் மங்கியிருக்கும் என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதல்ல.

பழம்பொருள் கடைகளிலும் இதே நிலைதான். புதிதாக வார்த்த பித்தளையை அமிலத்தில் கழுவி, மண்ணில் புதைத்து எடுத்து 'நூற்றாண்டு' ஏற்றுவது பழைய வித்தை. உண்மையிலேயே நூறாண்டு கடந்ததென்றால் வேறு தொல்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி அதை வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. சிலை, ஓவியம், சுவடி போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளாக இருந்தால் பதிவும் செய்ய வேண்டும். சுவடிகளுக்கு வயது வரம்பு 75 ஆண்டுகள்தான். பெரும்பாலான சேகரிப்பாளர்கள் இந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது ஐம்பது வருடத் தகர டப்பா. சட்டம் அதைத் தொல்பொருளாக மதிப்பதில்லை. வீட்டில் உள்ளவர்களும் மதிப்பதில்லை.

சாக்கின் இன்னொரு பக்கம்

பழைய பொருளைப் பற்றிய பேச்சு இனிப்பாகவே போய்க்கொண்டிருக்கும். ஒரு கசப்பு மட்டும் விடுபட்டுப் போகும். அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போன பையன் அன்று அதை ரசிக்கவில்லை. பக்கத்து பெஞ்சுப் பையனின் புதுப் புத்தக வாசனை அவனுக்கு ஏக்கமாக இருந்தது. சேகரிப்பாளர் பலரின் அலமாரியில் அந்த ஏக்கமும் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அன்று கிடைக்காத பொம்மை ரயிலை ஐம்பதாவது வயதில் வாங்குகிறவர், வாங்குவது ரயிலை மட்டுமல்ல என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒன்றுமே புதிதாகக் கிடைக்காதவனுக்கு, தானே தேடிக் கண்டுபிடித்த பழையது ஒரு வெற்றி. வெட்கப்பட வைத்த பொருளே பின்னாளில் பெருமையாகிவிடுகிறது.

அந்தப் பொருளைச் சாக்கில் சுமந்து வந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தச் சுகமும் இல்லை. குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட வாக்ரி சமூகப் பெண்கள் தில்லியிலும் மும்பையிலும் தலைமுறைகளாகப் பாத்திரம் கொடுத்துப் பழந்துணி வாங்குகிறார்கள். தில்லி ரகுபீர் நகரில் அந்தத் துணிகளின் சந்தை விடியுமுன் கூடிக் கலைகிறது. நல்லது ஏழைகளின் உடுப்பாகும். கம்பளி பானிப்பட் ஆலைகளுக்குப் போய்ப் போர்வையாகும். கிழிந்தது இயந்திரம் துடைக்கும் துணியாகும். மலைமலையாகப் பழைய பொருட்களுக்கு நடுவே பிறந்து வளரும் அந்தக் குழந்தைகளைவிட அவற்றை அதிகம் அறிந்தவர் யாருமில்லை. ஆனால் எடுத்து வைத்துக்கொள்ள அவர்களுக்கு அலமாரி வேண்டும். அலமாரி வைக்க வீடு வேண்டும். அன்றன்று விற்றால்தான் அன்றன்று அடுப்பெரியும் என்ற நிலையில், பிடித்ததை விற்காமல் வைத்துக்கொள்வது பெரும் செலவு. சேகரிப்பு என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்பது தவறு. ஆனால் அதற்கு ஓரளவு நிம்மதி தேவை என்பது உண்மை.

சேகரிப்பாளர் வீட்டிலும் நிம்மதி எப்போதும் இருப்பதில்லை. முதலில் ஒரு அலமாரி நிறையும். பிறகு பரண். பிறகு கட்டிலடி. விருந்தாளி வந்தால் படுக்க இடமில்லை என்ற சண்டை வராத சேகரிப்பாளர் வீடு அபூர்வம். கிடைத்ததையெல்லாம் குவிக்கும் நோயும் உண்டு. மருத்துவர்கள் அதைத் தனியாகவே பெயரிட்டு வகைப்படுத்தியிருக்கிறார்கள். வித்தியாசம் எளிது. சேகரிப்பாளருக்குத் தன்னிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியும். குவிப்பவருக்கு இரண்டும் தெரியாது.

இடம் பெயரும் தெருக்கள்

சேகரிப்பாளர்களை உருவாக்கிய பள்ளிக்கூடங்கள் இந்தச் சந்தைகள்தான். பையில் ஐந்து ரூபாயோடு போன பையன் அங்கே நாலு மணி நேரம் எதையும் வாங்காமல் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. யாரும் விரட்டவில்லை. ஷோரூமில் அது நடக்காது.

1900இல் திறக்கப்பட்ட சென்னை மூர் மார்க்கெட் 1985 மே 30ஆம் தேதி தீயில் எரிந்தது. செங்கல் கட்டடம் இருந்த இடத்தில் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. வியாபாரிகள் பக்கத்திலேயே வேறு வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். பெயரையும் எடுத்துப் போனார்கள். கூட்டத்தை எடுத்துப் போக முடியவில்லை. அகமதாபாத்தில் சபர்மதிக் கரையில் எல்லிஸ் பாலத்தடியில் ஞாயிறுதோறும் கூடிய குஜ்ரி பஜார், ஆற்றங்கரைத் திட்டத்தால் இடம் பெயர்ந்து 2014இல் ஒழுங்கு செய்யப்பட்ட புதிய வளாகத்துக்குப் போனது. சுல்தான் அகமது ஷா காலத்திலிருந்து வருவதாகச் சொல்லப்படும் சந்தை அது. தில்லி தரியாகஞ்ச் நடைபாதையில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஞாயிறுதோறும் விரிந்த பழைய புத்தகச் சந்தை, போக்குவரத்து நெரிசல் தொடர்பான உயர்நீதிமன்ற உத்தரவால் 2019இல் அகற்றப்பட்டு, அதே ஆண்டு சுவருக்குள் அடைபட்ட மகிளா ஹாட்டுக்கு மாறியது. சோர் பஜாருக்கு அருகிலேயே பெண்டி பஜாரின் பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுந்துகொண்டிருக்கின்றன.

மாற்றியவர்களின் நியாயமும் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. நடைபாதை நடப்பதற்கு, பாதுகாப்பில்லாத பழைய கட்டடம் உயிரைக் குடிக்கும். ஆனால் பழைய பொருள் சந்தைக்கு ஒரு குணம் உண்டு. யாரும் எதையும் தேடி அங்கே போவதில்லை. வேறெங்கோ போகிற வழியில் காலில் இடறுவதுதான் அதன் உயிர். சுவர் வைத்து, நுழைவாயில் வைத்து, வரிசை எண் போட்டுவிட்டால் தேடி வருகிறவர்தான் வருவார். பத்து வயதுப் பையன் வழி தவறி உள்ளே வரமாட்டான்.

இணையத்தில் எல்லாம் கிடைக்கிறதே என்பது நியாயமான கேள்வி. கிடைக்கிறது. ஒரு குறிப்பிட்ட ஆண்டின் குறிப்பிட்ட தீப்பெட்டி லேபிள் வேண்டுமென்றால் இன்று பத்து நிமிட வேலை. ஆனால் அங்கே தேடுபவருக்குத் தன் தேவையின் பெயர் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கனம் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் வழியில்லை. இன்றைய வீடுகளில் பழசாகும் பொருளே குறைந்துவிட்டது என்பது இன்னொரு சிக்கல். மூன்று வருடக் கைபேசி பழையதாவதில்லை, குப்பையாகிறது. பாட்டும் படமும் கடிதமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அப்பா மகனுக்குக் கழற்றிக் கொடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

கடைசிக் கேள்விதான் கடினமானது. சேகரித்தவர் போன பிறகு என்ன ஆகும்? கேல்கருக்கு ஓர் அரசு கிடைத்தது. முத்தையாவுக்கு ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது. நாயர் காப்பாற்றியவற்றுக்கு ஒரு நிறுவனம் இருந்தது. அப்படியும் 2003 ஜனவரியில் புனேயில் ஏற்பட்ட தீ, எளிதில் பற்றிக்கொள்ளும் நைட்ரேட் சுருளில் இருந்த நூற்றுக்கணக்கான படங்களைத் தின்றுவிட்டது. மற்றவர்களுக்கு? பெரும்பாலான சேகரிப்புகளின் முடிவு ஒன்றே. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வீடு ஒழிக்கும் நேரத்தில் தராசு வரும். நாற்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தது ஒரே நாளில் கிலோக் கணக்கில் வெளியேறும். இதைத் தவிர்க்க ஓர் எளிய வழி இருக்கிறது: உயிரோடு இருக்கும்போதே பட்டியல் எழுதுவது. எங்கே, எப்போது, யாரிடம், என்ன விலைக்கு வாங்கியது என்று ஒரு நோட்டுப் புத்தகம். அந்த நோட்டு இருந்தால் நூலகமோ அருங்காட்சியகமோ பேச வரும். இல்லாவிட்டால் அது வெறும் பழைய சாமான்.

எந்தக் காயலான் கடையிலும் பித்தளைக் குவியலைக் கிளறினால் பெயர் வெட்டிய பாத்திரம் ஒன்றாவது அகப்படும். யாரோ ஒரு மாமா, யாரோ ஒரு மருமகள், ஒரு கல்யாணத் தேதி. புள்ளி புள்ளியாக ஆசாரி வெட்டிய எழுத்து, புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பாதி அழிந்திருக்கும். கடைக்காரருக்கு அது எடை. உலைக்கு அது உலோகம். பழைய புத்தகத்தின் முதல் பக்கத்தில் மூன்றாவதாகத் தன் பெயரை எழுதிய அந்தப் பையன் மட்டும், இப்போது தலை நரைத்து, அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருப்பான்.